டோக்கியோவின் சின்ன அரங்குகளில் ஒரே ராக் குழுவைத் தொடர்ந்து கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லாத ஒரு ராக் குழு டோக்கியோவில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை மேடை ஏறுவது சாதாரணம். மேடை என்றால் நிலவறையில் நூறு, இருநூறு பேர் நின்று கேட்கும் அறை. அங்கே அதை லைவ் ஹவுஸ் என்கிறார்கள். நகரம் முழுக்க இப்படிப்பட்ட அறைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், பிடித்த குழுவை ஆறேழு வாரங்களில் நான்கு வேறு வேறு இடங்களில் கேட்க முடியும். வேறெந்த ஊரிலும் இது இவ்வளவு எளிதாக அமையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் ஒரே குழுவையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்? முதல் தடவை, கண்ணும் காதும் அறைக்குப் பழகுவதிலேயே நேரம் போய்விடும். மூன்றாவது, நான்காவது தடவையில்தான் ட்ரம்மர் எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுகிறார், எந்தப் பாட்டு இன்னும் முடிவாகாமல் இருக்கிறது, பாடகருக்கு எந்த வரி இன்னும் வாயில் உட்காரவில்லை என்பதெல்லாம் காதில் விழும். இசைத்தட்டில் கேட்கவே முடியாத பகுதி அது. டோக்கியோவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும், ஒரு மாதம் இரண்டு மாதம் தங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழி தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம்.

படி 1: நிகழ்ச்சிகளைக் கண்டுபிடிப்பது

குழுவின் எக்ஸ், இன்ஸ்டாகிராம் பக்கங்களில்தான் முதலில் அறிவிப்பு வரும். பெரும்பாலும் ஒரு போஸ்டர் படமாக இருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை அதன்மேல் காட்டினால் தேதி, இடம், விலை எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்ததாக, ஒவ்வொரு லைவ் ஹவுஸும் தன் தளத்தில் மாத அட்டவணை போடும். குழு மறந்துவிட்டாலும் அரங்கு மறக்காது. கிதார் இசை பிடித்தவர்கள் கவனிக்க வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன். ஷிமோகிதசாவாவில் ஷெல்டர்: 1991இல் தொடங்கியது, சுமார் 250 பேர் கொள்ளும். 2022இல் வந்த ஓர் அனிமே தொடரின் அரங்கு இதைப் பார்த்து வரையப்பட்டது என்பதால் இப்போது வாசலில் படம் எடுக்க வருகிறவர்களும் உண்டு. அதன் மூத்த அரங்கான ஷின்ஜுக்கு லாஃப்ட் 1976இல் பிறந்து, 1999இல் கபுகிச்சோவுக்கு இடம் மாறியது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட அதன் மேடைத் தரை ஜப்பானிய ராக் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹிகாஷி கோஎன்ஜியில் யுஎஃப்ஓ கிளப்: 1996 முதல் நடக்கிறது, சிவப்புச் சுவர்கள், சைகடெலிக் குழுக்களின் வீடு. யுரா யுரா தெய்கொக்கு குழுவின் சகமோட்டோ ஷின்தாரோ அதன் உள்ளலங்காரத்தை வடிவமைத்தார்.

அதே பகுதியில் நிமான் தென்அத்சு இருக்கிறது. கோஎன்ஜியில் 20000வி என்ற பெயரில் இருந்த அரங்கு 2009 தீவிபத்தில் போனபிறகு, அதை நடத்தியவர்கள் மறுபடி எழுப்பிய இடம் இது. பங்க், ஹார்ட்கோர் கேட்பவர்கள் இதையும் ஷின் ஓகுபோ பக்கம் உள்ள எர்த்டம்மையும் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது வழி காகிதம். உள்ளே நுழையும்போது ஒரு கட்டுத் துண்டறிக்கைகளைக் கையில் கொடுப்பார்கள். அதைக் குப்பையில் போடாதீர்கள். அன்று வாசிக்கும் குழுக்களின் அடுத்த நிகழ்ச்சிகள் அதில்தான் இருக்கும். சில சமயம் இணையத்தில் வருவதற்கு முன்பே வந்துவிடும். டிஸ்க் யூனியன் இசைத்தட்டுக் கடைகளின் படிக்கட்டுச் சுவர்களையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.

படி 2: எந்த நான்கைத் தேர்ந்தெடுப்பது

கிடைத்த எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு வகையாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை இந்த வரிசை.

முதலில் ஒரு வார நாள் இரவு. அரங்கே நான்கைந்து குழுக்களைச் சேர்த்து அமைக்கும் நிகழ்ச்சி. குழுக்களுக்குள் ஒற்றுமை இருக்காது, கூட்டமும் இருக்காது, முப்பது பேர் வந்தால் பெரிய விஷயம். குழு புதுப் பாட்டைச் சோதித்துப் பார்ப்பது இந்த இரவுகளில்தான். பலரும் இதைத் தவிர்த்துவிட்டு வார இறுதிக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கோ நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, வேறொரு குழுவின் ஆல்பம் வெளியீட்டு நிகழ்ச்சியில் உங்கள் குழு விருந்தாளியாக வாசிப்பது. கூட்டம் அவர்களுக்கானது அல்ல. தெரியாதவர்கள் முன்னால் முப்பது நிமிடத்தில் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும். அதனால் பேச்சு குறையும், பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்.

மூன்றாவது, கிகாகு. குழுவே தேதி பிடித்து, தனக்குப் பிடித்த மற்ற குழுக்களை அழைத்து நடத்தும் இரவு. இங்கே மற்ற குழுக்களையும் முதலிலிருந்து கேளுங்கள். உங்கள் குழுவின் ரசனை எங்கிருந்து வருகிறது என்பது அந்த அழைப்புப் பட்டியலிலேயே இருக்கும்.

கடைசியாக வன்மான், அதாவது அவர்கள் மட்டுமே வாசிக்கும் நிகழ்ச்சி. ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். இதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை சின்னதாகத் தோன்றும். கடைசியில் வைத்தால் முன்பு துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் ஒரே இரவில் ஒன்றுசேரும்.

படி 3: டிக்கெட், அதற்குப் பின்னால் உள்ள கணக்கு

போஸ்டரில் இரண்டு விலை இருக்கும். முன்பதிவு விலை பெரும்பாலும் 2,500 முதல் 3,500 யென். அன்றைக்கே வாசலில் வாங்கினால் வழக்கமாக 500 யென் கூடும். அதற்குமேல் பானக் கட்டணம், இப்போது பல இடங்களில் 600 யென். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். லைவ் ஹவுஸ்களில் பெரும்பாலானவை சட்டப்படி உணவகமாக உரிமம் வாங்கியவை என்பதே காரணம். வாசலில் ஒரு டோக்கனோ வில்லையோ தருவார்கள், பாரில் கொடுத்து ஜூஸ், தேநீர், பீர் எதுவும் வாங்கலாம். மது வேண்டுமென்றால் 20 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். இளம் குழுக்களுக்கு அரங்குகள் பெரும்பாலும் 'நொருமா' வைக்கும், அதாவது இத்தனை டிக்கெட் விற்றே ஆக வேண்டும் என்ற பொறுப்பு. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு குழு 2,500 யென் விலையில் 20 டிக்கெட் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 50,000 யென். அவர்களுக்காக 8 பேர்தான் வந்தார்கள் என்றால் மீதி 12 டிக்கெட்டின் 30,000 யென்னைக் குழுவே தன் சட்டைப்பையிலிருந்து கட்ட வேண்டும். இலக்கைத் தாண்டி வரும் டிக்கெட்டுகளில் ஒரு பங்கு குழுவுக்குத் திரும்ப வரும். எல்லா அரங்குகளும் இப்படி இல்லை, பெயர் பெற்ற குழுக்களுக்கு இந்தச் சுமை கிடையாது. ஆனால் நீங்கள் தேடிப்போகிற அளவிலான குழுக்களுக்கு இது அன்றாடம்.

அதனால்தான் வாசலில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?" ஜப்பானிய மொழியில் அந்தக் கேள்வியில் 'தொச்சிரா' என்ற சொல் காதில் விழும். விழுந்ததும் உங்கள் குழுவின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் தாளில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடுதான் அந்தக் குழுவின் கணக்கில் நீங்கள். "எல்லாரையும் பார்க்க வந்தேன்" என்று மரியாதைக்காகச் சொன்னால் அது யார் கணக்கிலும் சேராமல் போகலாம்.

டிக்கெட் எடுக்க இரண்டு வழி. ஒன்று, ஈபிளஸ், பியா போன்ற இணைய விற்பனைத் தளங்கள். லாசன், ஃபேமிலிமார்ட், செவன் இலெவன் கடைகளில் போய் அச்சிட்டுக்கொள்ளலாம். சேவைக் கட்டணம் உண்டு. வன்மான் நிகழ்ச்சிக்கு இதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் விற்றுத் தீர்ந்துவிடும்.

மற்றது, தொரிஓகி. குழுவுக்கே நேரடியாகச் செய்தி அனுப்பி இடம் வைத்துக்கொள்வது. வாசலில் பெயரைச் சொல்லி முன்பதிவு விலையைக் கட்டினால் போதும். சேவைக் கட்டணம் இல்லை, குழுவின் கணக்கிலும் நேராகச் சேரும். சின்ன நிகழ்ச்சிகளுக்கு நான் எப்போதும் இதையே சொல்வேன். செய்தியில் நான்கே விஷயம் இருந்தால் போதும்: தேதி, அரங்கு, பெயர், எத்தனை பேர். பெயரைக் கதகானா எழுத்தில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் எழுத்து) எழுதுங்கள், சுருக்கியும் எழுதுங்கள். கார்த்திகேயன் என்றால் 'கார்த்தி' போதும். பட்டியலில் தேடுபவருக்கும் எளிது, உங்களுக்கும் வாசலில் சொல்ல எளிது.

போக முடியாமல் போனால் கட்டாயம் முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள். வராதவரின் பெயர் பட்டியலில் இருந்தால், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கும் வாய்ப்பைக் குழு இழக்கிறது.

செலவைக் கூட்டிப் பார்த்தால் நான்கு இரவுகளுக்கு நுழைவும் பானமும் சேர்த்துச் சுமார் 14,000, 15,000 யென் ஆகும். ரயில் கட்டணம் தனி. ஏதாவது வாங்குவதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சின்ன அரங்குகளில் ரொக்கம் இன்னும் தேவைப்படுகிறது, ஆயிரம் யென் நோட்டுகளும் நூறு, ஐந்நூறு நாணயங்களும் வைத்திருந்தால் வரிசை உங்களால் நிற்காது.

படி 4: அன்றைய மாலை

போஸ்டரில் 18:30, 19:00 என்று இரண்டு நேரம் இருந்தால் முதலாவது கதவு திறக்கும் நேரம், இரண்டாவது இசை தொடங்கும் நேரம். சொன்னால் சொன்னபடி தொடங்குவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முப்பது நிமிடம் அளவில், நடுவே மேடை மாற்றப் பத்து பதினைந்து நிமிடம். உங்கள் குழு மூன்றாவது என்றால் அலுவலகம் முடித்து எட்டு மணிக்குப் போனாலும் பிடித்துவிடலாம். வாசிக்கும் வரிசையை முந்தைய நாளோ அன்றைக்கோ குழு வெளியிடும். ஆனால் நேரம் கிடைக்கும் நாட்களில் முதல் குழுவிலிருந்தே இருங்கள். எனக்குப் பிடித்த குழுக்களில் பாதி, வேறு யாரையோ பார்க்கப் போன இடத்தில் கிடைத்தவை.

கையில் உள்ள டிக்கெட்டில் எண் இருந்தால் அந்த எண் வரிசையில்தான் உள்ளே விடுவார்கள். திறப்பு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள். எண் கூப்பிடும்போது இல்லாவிட்டால் பின்னால் போக வேண்டியதுதான். படிக்கட்டிலும் தெருவிலும் கூட்டமாக நின்று சத்தமாகப் பேச வேண்டாம். பல அரங்குகள் குடியிருப்புக்கு நடுவே இருக்கின்றன, அக்கம்பக்கத்துப் புகார்கள் அவற்றைப் படாத பாடு படுத்துகின்றன.

பையை உள்ளே உள்ள லாக்கரில் வையுங்கள். அது நிரம்பியிருக்கும் என்று சந்தேகமிருந்தால் ரயில் நிலைய லாக்கரே நல்லது. சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஷிமோகிதசாவாவில் கறி கடைகள் ஏராளம், அக்டோபரில் கறித் திருவிழாவே நடக்கும்.

காதடைப்பான் கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அமெரிக்கத் தொழிற்சூழல் பாதுகாப்பு அமைப்பான நியோஷின் அளவுகோலில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தாழ்ந்த கூரையுள்ள நிலவறையில் ஒரு ஹார்ட்கோர் குழு அதைச் சுலபமாகத் தாண்டும். நுரைப் பஞ்சு வகையைவிட இசைக்கென்று வடிகட்டி வைத்துச் செய்த வகை நல்லது. எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு மங்காது. ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். நான்கு இரவு தொடர்ந்து போகிறவருக்கு இது டிக்கெட்டைவிட முக்கியம்.

படி 5: எங்கே நிற்பது

இங்கேதான் பல தடவை போவதன் பலன் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நில்லுங்கள்.

முதல் இரவில் அறையின் பின்பக்கம், ஒலிக் கலவை மேசைக்குச் சற்று முன்னால். ஒலிப் பொறியாளர் அந்த இடத்தில் நின்றுதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், ஆகவே குரல், கிதார், ட்ரம்ஸ் எல்லாம் சமமாகச் சேர்ந்து வருவது அங்கேதான். பாட்டின் அமைப்பு முழுதாகப் புரியும்.

இரண்டாவது இரவில் முன்வரிசை, கிதார் கலைஞரின் ஆம்ப் (கிதார் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி) பக்கம். அங்கே கிதார் ஒலி ஒலிபெருக்கி வழியாக வராமல் ஆம்பிலிருந்து நேராக வரும். குரல் குறைவாகத்தான் கேட்கும், ஏனென்றால் குரலைத் தரும் ஒலிபெருக்கிகள் உங்கள் தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் பின்வரிசையை நோக்கி இருக்கின்றன. ஆனால் விரல்கள் தெரியும், ஒலியை மாற்றும் பெடல்களை எப்போது மிதிக்கிறார் என்று தெரியும். ஆல்பத்தில் இரண்டு கிதார் என்று நினைத்த இடம் ஒரே கிதார்தான் என்று புரிவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது இரவில் ட்ரம்மரின் கால் தெரியும் பக்கம். பேஸ் கலைஞர் பெரும்பாலும் அந்தக் காலைப் பார்த்தே வாசிக்கிறார்.

இதில் ஜப்பானிய அரங்குகளுக்கே உரிய ஒரு வசதி உண்டு. ஏறக்குறைய எல்லா லைவ் ஹவுஸிலும் ரோலண்ட் ஜேசி-120 ஆம்பும் மார்ஷலின் ஜேசிஎம் வரிசை ஆம்பும் அரங்கின் சொந்தப் பொருளாகவே இருக்கும். கிதார் கலைஞர் கிதாரையும் பெடல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்துவிடுகிறார். ஆகவே நான்கு இடங்களிலும் கருவிகள் ஏறத்தாழ ஒன்றே. ஒலி வேறாக இருந்தால் அந்த வேறுபாடு அறையிலிருந்தும் பொறியாளரிடமிருந்தும் வாசிப்பிலிருந்தும் வருகிறது. ஒப்பிட்டுக் கேட்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

நடந்துகொள்ளும் முறை பற்றிச் சுருக்கமாக. பாட்டு நடக்கும்போது பேச்சு வேண்டாம். பாட்டுகளுக்கு நடுவே கூட்டம் அமைதியாக இருக்கும், பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் குழு முடிந்ததும் முன்வரிசையை அடுத்த குழுவின் ரசிகர்களுக்கு விட்டுக்கொடுங்கள். படம் எடுக்கலாமா என்பது குழுவுக்குக் குழு மாறும். அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் எடுக்கக் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விற்பனை மேசையில் கேளுங்கள். பங்க் இரவுகளில் நடுப்பகுதி மோதிக்கொண்டு ஆடும் களமாகும். கண்ணாடி போட்டவர்கள் சுவர் ஓரமாக நிற்பது நல்லது. யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவார்கள், நீங்களும் தூக்கிவிடுங்கள்.

படி 6: குறிப்பெடுப்பது

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, அரங்கு, எத்தனையாவதாக வாசித்தார்கள், நின்ற இடம், பாட்டு வரிசை. பெயர் தெரியாத பாட்டுக்கு ஓர் அடையாளம்: 'மெதுவாகத் தொடங்கி நடுவில் நின்றுபோகும் பாட்டு' என்று எழுதினால் அடுத்த முறை பிடித்துவிடலாம். இதை வாசிக்கும்போது எழுதாதீர்கள், மேடை மாற்றும் இடைவேளையில் எழுதுங்கள்.

முப்பது நிமிடத்தில் ஆறேழு பாட்டுதான் வரும். நான்கு இரவுக் குறிப்புகளை அருகருகே வைத்தால், எல்லா இரவிலும் வந்த பாட்டு எது, ஒரே ஒருமுறை வந்தது எது, முதல் இரவில் தலைப்பில்லாமல் வந்த புதுப் பாட்டு வன்மான் மேடையில் எந்த இடத்தைப் பிடித்தது என்பதெல்லாம் தெரியும். ஒரு பாட்டு கண்ணெதிரே வளர்வதைக் கேட்பது பெரிய பாக்கியம். அடுத்த வருடம் அது ஆல்பத்தில் வரும்போது, அதில் எதை வெட்டினார்கள் என்று உங்களுக்கும் இன்னும் ஒரு கைப்பிடி ஆட்களுக்கும்தான் தெரிந்திருக்கும்.

படி 7: விற்பனை மேசை

நிகழ்ச்சி முடிந்ததும் குழுவினரே வந்து மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். சட்டை, சிடி, சில சமயம் கேசட். நான்கு இரவிலும் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருமுறையாவது வாங்குங்கள். நொருமா கணக்கைப் பார்த்தீர்கள், அந்த ஓட்டையை அடைப்பது பெரும்பாலும் இந்த மேசைதான்.

பேச மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம். இன்று எந்தப் பாட்டு பிடித்தது என்று அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி 'யோகத்தா தெஸ்' என்றால் போதும், நன்றாக இருந்தது என்று அர்த்தம். இரண்டாவது மூன்றாவது முறை போகும்போது அவர்களுக்கே முகம் நினைவிருக்கும். பின்னால் ஆட்கள் நின்றால் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட விஷயங்கள் கேட்கவோ, வெளியே காத்திருந்து பின்தொடரவோ கூடாது. ரசிகர்கள் சின்னத் தின்பண்டம் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய, மூடி ஒட்டிய பாக்கெட்டாக, உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட்டதாக இருக்கட்டும். முறுக்கு தாராளமாகக் கொடுக்கலாம்.

படி 8: வீடு திரும்புவது

பெரும்பாலான நிகழ்ச்சிகள் பத்து மணிக்குள் முடிந்துவிடும். கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டி இருப்பதால் அவசரம் இல்லை. தமிழர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய் பக்கம் போகிறவர்களுக்குக் கோஎன்ஜி ரொம்ப வசதி. தோசாய் லைன் வண்டிகளில் பல நகானோவைத் தாண்டி மித்தகா வரை ஓடுகின்றன, ஆகவே கோஎன்ஜியில் ஏறி நேராக நிஷி கசாயில் இறங்கலாம். நேர் வண்டி இல்லையென்றால் நகானோவில் மாறிக்கொள்ளுங்கள். ஷிமோகிதசாவாவிலிருந்து யோயோகி உஎஹாரா போய் சியோதா லைன் பிடித்து ஓதெமாச்சியில் மாற வேண்டும். ஒரு எச்சரிக்கை: சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ச்சூஓ லைன் விரைவு வண்டிகள் கோஎன்ஜியில் நிற்காது. மஞ்சள் கோடு போட்ட உள்ளூர் வண்டியில் ஏறுங்கள்.

படி 9: குழு வெளியூர் போகும்போது

நான்கு இரவும் முடிந்து இன்னும் ஆசை அடங்கவில்லை என்றால் ஒரு பயணம் போகலாம். கியோத்தோவில் தக்குதக்கு 1974 முதல் நடக்கிறது. பழைய சாக்கே மதுக் கிடங்கு, மரத்தூண்கள், மரக்கூரை. டோக்கியோவின் கான்கிரீட் நிலவறையில் கேட்ட அதே பாட்டு அங்கே மென்மையாகும். ஓசகாவில் நம்பா பெயர்ஸ்: போர்டம்ஸ் குழுவில் கிதார் வாசித்த யமமோட்டோ செய்இச்சி நீண்டகாலமாக நடத்திவரும் சிறிய நிலவறை. விசித்திரமான இசைக்கெல்லாம் இடம் கொடுத்த அரங்கு.

ஓசகாவுக்கு ஷின்கன்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம், ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். டோக்கியோ திரும்பும் கடைசி நொசோமி அதிவேக ரயில் ஷின் ஓசகா நிலையத்திலிருந்து இரவு ஒன்பதரைக்கு முன்பே கிளம்பிவிடும். குழு கடைசியாக வாசிக்கும் இரவு என்றால் அதைப் பிடிக்க முடியாது. இரவுப் பேருந்துதான் வழி. காலையில் ஷின்ஜுக்குவில் இறக்கிவிடும். வெள்ளி, சனி இரவுகளில் பேருந்து இடங்கள் நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும், ஆகவே முதலில் இருக்கையைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் தொரிஓகிக்குச் செய்தி அனுப்புங்கள்.